இடம் சரி

சுற்று நாள் 131
கீழ்க்கூடம்

தம்பிக்கு,

நூற்று முப்பத்தோரு நாளாக நான் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. விசாரணை முடிந்த அன்று நீராவித் தூக்கியில் ஏறி மேல்மேடைக்குப் போனவன், "அண்ணி, போயிட்டு வரேன்" என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் பதில் பேசியிருக்க மாட்டேன், அது வேறு விஷயம். நலமா என்று கேட்க இந்தப் பித்தளைக் குப்பியைக் காற்றுக்குழாயில் போடவில்லை. வேலை விஷயம்.

மழைச் சக்கரத்தின் பிடி லேசாகிவிட்டது.

சிரிப்பாய். சிரித்துக்கொள். பதினான்கு வருடமாக என் வலது கை அந்தப் பிடியில்தான் இருக்கிறது. மேலே சக்கரம் ஒவ்வொரு பல்லாகக் குதிக்கும்போது இங்கே அதிர்ச்சி என் முழங்கைவரை ஏறும். உன் அண்ணனைக் கூண்டோடு சக்கரம் கொண்டுபோன பிறகு, இனி எவரும் ஏறி எண்ணெய் போடக் கூடாது என்று உத்தரவு. நாலரை மாதமாக ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. பிடி கனத்துப் போயிருக்க வேண்டும் அல்லவா? மாறாக, வாரத்துக்கு வாரம் லேசாகிறது. நேற்று இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தேன். போதும் போலிருந்தது.

வானத்துக்குப் பின்பக்கம் சக்கரம் உருளைகளின் மேல்தான் ஓடுகிறது. அந்த உருளைகளுக்கு எண்ணெய் போட யாரும் போனதே இல்லை என்பார்கள். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். உங்களில் யாராவது விளிம்பைத் தாண்டிப் போனீர்களா?

ஆமாம் அல்லது இல்லை என்று மட்டும் எழுது. கதை வேண்டாம்.

அண்ணி


சுற்று நாள் 135
மேல்மேடை

அண்ணிக்கு,

இல்லை.

கதை வேண்டாம் என்றீர்கள். இருந்தாலும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது, உங்களுக்கே தெரியும். விளிம்போடு மேடை முடிகிறது. அதற்கப்பால் கால் வைக்கக் கம்பிகூடக் கிடையாது. சக்கரம் நடப்பதுமில்லை, குதிக்கிறது. ஒரு குதிக்கு ஒரு தெரு அகலம். நாற்பது எண்ணுவதற்குள் அடுத்த குதி. நடுவில் மாட்டினால் மனிதன் இரண்டு துண்டு. யார் போவார்கள்?

நானும் ஒன்று கேட்கிறேன். அண்ணன் இறந்துவிட்டார் என்ற காகிதத்தில் நீங்கள் போன மாதமே கையெழுத்துப் போட்டுவிட்டதாக உங்கள் கூடத்துத் தலைவர், நம் பெரிய முள், எங்கள் மேற்பார்வையாளரிடம் சொன்னாராம். அவர் கடிகார முள் மாதிரி நிமிஷம் தவறாத மனுஷர், பொய் சொல்ல மாட்டார். செத்துட்டார்னு கையெழுத்துப் போட்டவங்களுக்கு உருளையைப் பத்தி என்ன கவலை?

அன்று நான் அனுப்பிய தந்தி "கூண்டு இடம் சரியில்லை". எண்ணெய் வேலை முடிந்து கூண்டைச் சக்கரத்திலிருந்து மேடைக்கு இழுக்கும்போது கொக்கி பாதியில் மாட்டிக்கொண்டது. அண்ணன் உள்ளே இருந்தார். கூண்டு நிற்க வேண்டிய இடத்தில் இல்லை என்று உங்களுக்குச் சொன்னேன். நீங்கள் பிடியைத் திறந்துவிட்டீர்கள். என் கண் முன்னால் கூண்டு ஒரு தெரு தூரம் தள்ளிப் போய் நின்றது. அப்புறம் இன்னொரு தெரு. ஜன்னலில் அவர் முகம் தெரிந்தது. அதற்குமேல் எழுத முடியவில்லை.

தம்பி


சுற்று நாள் 139
கீழ்க்கூடம்

தம்பிக்கு,

பெரிய முள் பொய் சொல்ல மாட்டார். ஆனால் நான் கையெழுத்துப் போடுவேன் என்று முடிவு கட்டி, போட்டதாகவே நினைத்துக்கொண்டிருப்பார். அந்தக் காகிதம் எங்கே இருக்கிறது தெரியுமா? மாவு டப்பாவின் மூடி தொலைந்துவிட்டது. அந்தக் காகிதத்தை நான்காக மடித்து டப்பாவின் வாய்க்குக் கட்டி வைத்திருக்கிறேன். கெட்டிக் காகிதம். பூச்சி வரவில்லை.

தந்தியைப் பற்றிப் பேசாதே. எனக்கு வந்த நாடாவில் இருந்தது "கூண்டு இடம் சரி". நம் கூடத்தில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே அதுதானே? வலம் என்றால் பூட்டு, இடம் என்றால் திற. உட்காருகிற இடம், நிற்கிற இடம் எதற்கும் அந்த வார்த்தையைத் தந்தியில் அடிக்கக் கூடாது. பழகி வர வேண்டும் என்று வீட்டில்கூட நாம் சொல்வதில்லை. நீராவி வண்டியில் உன் அண்ணன் ஒரு அம்மாவிடம் "கொஞ்சம் ஸ்தலம் குடுங்க" என்று கேட்டு, வண்டியே சிரித்தது உனக்கு மறந்துவிட்டதா? நீதான் அதிகம் சிரித்தாய். அப்படிப்பட்ட நீ அந்த வார்த்தையை அடித்தாய்.

போகட்டும். இப்போது கணக்கைக் கேள். கூண்டில் ஐந்து பேருக்கு நாற்பது நாள் சாப்பாடு வைப்பது வழக்கம். ஒருவருக்கு என்றால் இருநூறு நாள். சக்கரம் முழுச் சுற்றுச் சுற்றிக் கூண்டு மறுபடி உன் மேடைக்கு முன்னால் வர இருநூற்றுப் பத்து நாள். பத்து நாள்தான் குறைகிறது. உன் அண்ணன் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுகிறவர் என்று சொல்லாதே, எனக்குத் தெரியாதா? அதை நினைத்துத்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் வீட்டுக் கதவின் கீலுக்குக்கூட வாரம் தவறாமல் எண்ணெய் போடுகிற மனிதரும் அவர்தான். கூண்டிலோ பீப்பாய் பீப்பாயாக எண்ணெய். ஜன்னலுக்கு வெளியே ஒவ்வொன்றாகத் துருப்பிடித்த உருளை வந்து போகிறது. அவர் கை சும்மா இருக்குமா?

கூண்டு மறைந்த பக்கத்து விளிம்புக்குப் போ. எட்டிப் பார்த்தால் முதல் உருளை தெரியுமா என்று பார்.

அண்ணி


சுற்று நாள் 147
மேல்மேடை

அண்ணி,

இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, மேடை ஓரத்தில் குப்புறப் படுத்து, தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். தொலைநோக்கியில் முதலில் ஒன்றும் தெரியவில்லை, ஒரே நீராவி. நீராவி விலகிய பிறகு தெரிந்தது.

இரண்டு உருளைகள் தெரிகின்றன அண்ணி. முதலாவது செங்கல் நிறத்தில் துரு. இரண்டாவது பளபளவென்று இருக்கிறது. அச்சிலிருந்து எண்ணெய் வழிந்து, கீழே காய்ந்து, கறுப்புக் கோடாக நிற்கிறது. நீளமூக்குக் குப்பியால் இரண்டு முறை சுற்றி, கடைசியில் நடுவில் ஒரு சொட்டு விடுவாரே, அதே மாதிரி. எங்க அண்ணன் கை. அங்கேயே படுத்துக்கொண்டு அழுதேன். கயிற்றைப் பிடித்திருந்தவன் பயந்துபோய் என்னை மேலே இழுத்துவிட்டான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். விசாரணையில் நான் சரியான தந்தியைத்தான் அனுப்பினேன் என்று சொன்னேன். பொய்யில்லை. ஆனால் அந்த வார்த்தையை அடிக்கக் கூடாது என்று தெரிந்தும் அடித்தேன் என்பதைச் சொல்லவில்லை. கொக்கி மாட்டிக்கொண்டதும் பதறிப் போனேன். "ஸ்தலம்" என்று அடிக்க எத்தனை துளை! "இடம்" மூன்றே துளை. அவ்வளவுதான் அண்ணி. சோம்பேறித்தனம்கூட இல்லை, அவசரம். ஒவ்வொரு நாளும் அந்த மூன்று துளையை நினைத்துக்கொண்டேதான் எழுந்திருக்கிறேன். உங்கள் முகத்தைப் பார்க்கப் பயந்துதான் சொல்லாமல் மேலே வந்துவிட்டேன்.

தம்பி


சுற்று நாள் 151
கீழ்க்கூடம்

தம்பி,

உன் கடிதத்தை மாவுக் கையோடு படித்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். நானும் சொல்லிவிடுகிறேன்.

தந்தி முடிந்தால் நாடாவின் கடைசியில் முற்றுத் துளை விழும். பெரிய வட்டத் துளை. அது விழும்வரை பிடியைத் தொடக் கூடாது. அன்று "சரி" என்று விழுந்ததும் நான் பிடியைத் திறந்துவிட்டேன். முற்றுத் துளை வரவில்லை. என் கை நகர்ந்த பிறகு "இல்லை" என்று வந்தது. சக்கரம் பின்னால் திரும்பாது, உடனே பூட்டினாலும் கூண்டு மேடைக்கு எட்டியிருக்காது. அந்த நாடாவைக் கிழித்து அடுப்பில் போட்டது நான்தான். விசாரணையில் "இடம் சரி என்றுதான் வந்தது" என்றேன். நானும் பொய் சொல்லவில்லை, பார்.

ஏன் அவசரப்பட்டேன் தெரியுமா? மேலே ஆறு மாத வேலைக்கு என்னைக் கேட்காமலே ஒத்துக்கொண்டார் உன் அண்ணன். அன்று காலையில்தான் சொன்னார், செருப்பு மாட்டிக்கொண்டே. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இன்றைய வேலை சீக்கிரம் முடிந்து இறங்கி வரட்டும், நன்றாக நாலு வார்த்தை கேட்கலாம் என்று மனசுக்குள் பேச்சைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அந்தப் பேச்சு இன்னும் அப்படியே தொண்டையில் நிற்கிறது.

நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் அவரை அனுப்பினோம். சேர்ந்துதான் கூட்டி வர வேண்டும். சாப்பிடு, உடம்பைத் தேற்று. கயிறு ஏற வேண்டியிருக்கும்.

அண்ணி


சுற்று நாள் 183
கீழ்க்கூடம்

தம்பி,

பிடி கனக்கிறது.

நான்கு நாளாக. முதலில் என் கைக்குத்தான் ஏதோ என்று நினைத்து மறு கையை வைத்துப் பார்த்தேன். இல்லை, கனக்கிறது. ஒவ்வொரு குதிக்கும் பின்பக்கத்தில் எங்கோ ஒரு முனகல். அவர் எண்ணெய் போடுவதை நிறுத்திவிட்டார். ஏன் நிறுத்தினார்? இன்னும் இருபத்தேழு நாள் இருக்கிறதே.

பெரிய முள்ளிடம் போய், இருநூற்றுப் பத்தாம் நாள் சக்கரத்தைப் பூட்டித் தர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். நிதானமாகப் படித்தார். "முந்நூறு எண்ணிக்கைக்கு மேல பூட்டி வச்சா பல் முறியும்மா. பல் முறிஞ்சா கீழ்நாடு முழுக்க ஒரு வருஷம் மழை கிடையாது. உயிரோட இருக்காரான்னே தெரியாத ஒருத்தருக்காக நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?" என்றார். கெட்டவர் இல்லை. அதனால்தான் திட்டக்கூட முடியவில்லை. பூட்டுக்கு ஈய முத்திரை வைத்திருக்கிறார்கள், உன் கட்டைவிரல் அளவு.

எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு யாரிடம் சொல்வேன்?

அண்ணி


சுற்று நாள் 187
மேல்மேடை

அண்ணி,

பயப்படாதீர்கள் என்று எழுதி அடித்துவிட்டேன். நானும் பயந்துதான் போயிருக்கிறேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கூண்டை இழுக்கும் கொக்கி அன்றே வளைந்துபோனதால் நான்தான் போயாக வேண்டும். கூண்டின் கதவு சக்கரத்தின் அடியில் இருக்கிறது. மேடையிலிருந்து பாய்ந்து சக்கரத்தின் ஓரத்தைப் பிடிக்க முப்பது எண்ணிக்கை. கயிற்றில் இறங்கக் கதவுவரை அறுபது. அவரால் நடக்க முடியாது என்று வைத்துக்கொள்வோம். முதுகில் கட்டிக்கொண்டு ஏற நூற்றைம்பது. பாய்ந்து திரும்ப நாற்பது. இருநூற்று எண்பது. இருபது மிச்சம். ஒத்திகை பார்க்க எண்ணெய்ப் பீப்பாயை முதுகில் கட்டிக்கொண்டு மேடைத் தூணில் தினமும் ஏறுகிறேன். இங்கே எல்லோரும் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இடுப்பில் சின்னத் தந்திப்பெட்டி கட்டிக்கொள்வேன். நீங்கள் பூட்டினால்தான் இதெல்லாம். பூட்டுவீர்களா?

தம்பி


சுற்று நாள் 192
கீழ்க்கூடம்

தம்பி,

இதென்ன கேள்வி? தகரம் வெட்டும் கத்தரி வாங்கிவிட்டேன். முந்தானைக்குள் அடங்குகிறது. வேலை போகும், ஜெயிலும் வரலாம். வரட்டும். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

மனப்பாடம் செய்துகொள். நீ "வலம்" அடித்து முற்றுத் துளை போட்டால் பூட்டுவேன். மேடையில் இரண்டு பேர் காலும் பட்ட பிறகு "இடம்" அடித்து முற்றுத் துளை போட்டால் திறப்பேன். நடுவில் எதற்கும் அந்த வார்த்தை வேண்டாம். சத்தியம் செய். நானும் செய்கிறேன். முற்றுத் துளை விழாமல் என் கையை வெட்டினாலும் பிடி நகராது.

அண்ணி


சுற்று நாள் 204
மேல்மேடை

அண்ணி,

சத்தியம்.

கூண்டு இந்தப் பக்கத்து விளிம்பைத் தாண்டி வந்துவிட்டது. தொலைநோக்கியில் தெரிகிறது. புகைபோக்கியில் புகை இல்லை. ஜன்னல் மூடியிருக்கிறது. அது தாண்டி வந்த உருளைகள் எல்லாம் துரு. மூன்று நாளாகப் பார்க்கிறேன், ஒரு அசைவு இல்லை. சாப்பாடு தீர்ந்து நாலு நாள் ஆகியிருக்கும்.

கேட்கக் கூடாததைக் கேட்கிறேன். கதவைத் திறந்து பார்க்கும்போது அவர் இல்லை என்றால், நான் என்ன செய்ய வேண்டும்? தந்தியில் என்ன அடிக்க வேண்டும்?

தம்பி


சுற்று நாள் 206
கீழ்க்கூடம்

எப்படி இருந்தாலும் கூட்டி வா. அடிக்க ஒன்றும் வேண்டாம். நீ மட்டும் விழுந்துவிடாதே. இரண்டு பேரையும் கொடுத்துவிட்டு நான் யார் முகத்தில் விழிப்பது?


சுற்று நாள் 210, மாலை
வீடு

தம்பி,

கூடத்தில் என்னை விடவில்லை. தந்தி இயந்திரத்தின் பக்கம் போகக் கூடாதாம். அதனால் பக்கத்துத் தெருக் குழாயில் இதைப் போடுகிறேன். யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை. நடந்ததை எழுதுகிறேன். நீ மீதியைச் சொல்.

"வலம்" வந்தது, முற்றுத் துளையோடு. கத்தரியால் முத்திரையை வெட்டிப் பூட்டினேன். சத்தம் கேட்டுப் பெரிய முள் ஓடி வந்தார். வாழ்க்கையில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. என் கையைப் பிடிக்கப் போகிறார் என்று நினைத்து, "கடிகாரம் உங்க கையிலதானே இருக்கு, நின்னு எண்ணுங்க ஐயா" என்று கத்திவிட்டேன். கடிகாரத்தை நிமிர்த்திப் பிடித்தார். பிறகு எண்ண ஆரம்பித்தார்.

இருநூறு தாண்டியது. இருநூற்று நாற்பதில் நாடா ஓட ஆரம்பித்தது. வேகமாக வந்ததில் நாடாவின் முன்பகுதியை இயந்திரத்தின் பல் மென்றுவிட்டது. நான் பார்த்தது கடைசி மூன்று துளைக்கூட்டம். இ. ட. ம்.

என் கை நகர்ந்தது தம்பி. அரை அங்குலம் நகர்ந்தது. பதினான்கு வருடத்துக் கை. முற்றுத் துளை இல்லை. நிறுத்தினேன். காத்திருந்தேன். இயந்திரம் சும்மா நின்றது. உடம்பெல்லாம் வேர்த்து, பிடி வழுக்கியது. பெரிய முள் "இருநூத்தித் தொண்ணூத்தெட்டு, இருநூத்தித் தொண்ணூத்தொன்பது" என்றார். அப்புறம் மறுபடியும் "இருநூத்தித் தொண்ணூத்தொன்பது" என்றார். அப்புறம் இன்னொரு தரம் அதையே. நிமிஷம் தவறாத மனுஷர், கடிகாரத்தைப் பார்க்காமல், என் நாடாவைப் பார்த்துக்கொண்டு அதே எண்ணைச் சொல்லிக்கொண்டே இருந்தார். எத்தனை தரம் என்று எனக்குத் தெரியாது. சக்கரம் எங்கோ முனகியது.

பிறகு "பொறு" என்று வந்தது. முற்றுத் துளை விழுந்தது. நெடுநேரம் கழித்து "இடம்", முற்றுத் துளை. திறந்தேன். பல் முறியவில்லை.

கசங்கிய நாடாவை நகத்தால் நீவிப் பார்த்தேன். இ, ட, ம் என்பதற்கு முன்னால் எ, ன், ன். நாடாவில் எழுத்துகள் உடைந்து உடைந்துதானே விழும். சேர்த்துப் படித்தால் "என்னிடம்". அதற்கும் முன்னால் ஒரு வார்த்தை இருந்திருக்கிறது. அது கந்தலாகிவிட்டது.

யார் யாரிடம் தம்பி? உடம்பா, உயிரா? அந்த வார்த்தையை அடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தாயே. எனக்குப் பதில் எழுது. உடனே எழுது.

அண்ணி


சுற்று நாள் 212
மேல்மேடை

அண்ணி,

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவர் யார் என்று கையெழுத்தைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிந்திருக்கும். உட்கார்ந்துகொண்டு படியுங்கள். அழுது முடித்துவிட்டுப் படித்தாலும் சரி.

அந்த வார்த்தையை அடித்தது நானில்லை. சத்தியமாக நானில்லை. கதவைத் திறந்தேன். எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி, "எண்ணெய் கொண்டு வந்தியா? முப்பது நாளா எண்ணெய் இல்லை, உருளையெல்லாம் கெட்டுப் போச்சு." இதற்காகவா நாம் பயந்தோம் அண்ணி! கரியும் தீர்ந்துவிட்டதாம், அதனால் புகை இல்லை. ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பிட்டாராம். நம்புகிறீர்களா? எனக்கு நம்பிக்கை இல்லை. (நம்பு. இது நான்.)

முதுகில் கட்டிக்கொள்ளச் சொன்னால் கேட்கவில்லை. "பீப்பாய் மாதிரி என்னை எதுக்குத் தூக்கறே, நானே ஏறறேன்" என்று முன்னால் ஏறினார். பின்னால் ஏறிய நான் பாதியில் வழுக்கினேன். எண்ணெய், வேறென்ன, அவர் சட்டையெல்லாம் எண்ணெய். என் வலது மணிக்கட்டு முறிந்து, நான் மறு கையால் மட்டும் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் அரைப் பட்டினி கிடந்த மனிதர் கயிற்றைக் கால்களால் பின்னிக்கொண்டு, என் சட்டைக் காலரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் இடுப்புப் பெட்டியில் அடித்தார். "தம்பி என்னிடம் பொறு." மூன்றாவது வார்த்தைக்கு முன்னால் என் கனம் இழுத்து அவர் கை பெட்டியை விட்டுவிட்டது. திரும்பப் பெட்டியைப் பிடிக்க அவ்வளவு நேரமாயிற்று. அந்த நேரம் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் சக்கரத்துக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தோம். நீங்கள் திறந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதவும் ஆளில்லை, சொல்லவும் ஆளில்லை.

மூன்று நாளில் தூக்கியில் இறங்குகிறோம். அண்ணன் ஏதோ எழுத வேண்டுமாம். என்னை எட்டிப் பார்க்காதே என்கிறார். நான் பார்க்கவில்லை.

தம்பி

நான்தான். நீ அன்னிக்கு எதுக்கு அவசரப்பட்டேன்னு இவன் சொன்னான். காலைல செருப்பு மாட்டிக்கிட்டே சொன்னது தப்புதான். எல்லா வார்த்தையையும் மறக்காம வச்சிரு, வந்து முழுசாக் கேட்டுக்கறேன். நடுவுல ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

முற்று.